என் வயித்து மேல ரெண்டு எக்ஸாமினர்

பாப்பா, ராத்திரி போன்ல நீ அழுத அழுகையில உங்க ஆயா எழுந்து உக்காந்துட்டா. யாரோ செத்துப் போயிட்டாங்கன்னு நெனச்சு பக்கத்து வூட்டுக்காரியையும் எழுப்பிட்டா. விசாரிச்சா விஷயம் இவ்ளோதான். மாடல் பிராக்டிகல்ல ஒரு சாரு, வயித்தைத் தொடறதுக்கு முன்னால ஸ்டெத் வெச்சுக் கேளுன்னாராம். நீயும் வெச்சியாம். அடுத்து வந்த மேடம், தொட்டுக்கூடப் பாக்காம ஸ்டெத் வெக்கிறியே, எந்த ஊரு பழக்கம் இதுன்னு கேட்டாங்களாம். சாரு பேச்சைக் கேக்கறதா மேடம் பேச்சைக் கேக்கறதான்னு உனக்குத் தூக்கம் போச்சு. உன்னால வல்லத்துல ரெண்டு வூட்டுக்குத் தூக்கம் போச்சு.

இந்த வழக்குக்கு என்னை விட்டா நல்ல நீதிபதி செஞ்சி தாலுக்காவுலயே கிடையாது. நீ நாலரை வருஷமா டாக்டருக்குப் படிக்கிற. நான் உனக்கு முன்னாலருந்தே டாக்டர் பரீட்சைக்குப் படுக்கிறவன். எனக்கு மண்ணீரல் பெருசு. நான்-சிர்ரோட்டிக் போர்ட்டல் ஃபைப்ரோசிஸ்னு அதுக்குப் பேரு. குடிச்சு வந்தது இல்ல. இதை உங்க ஆயாகிட்ட நீயே ஒரு தரம் டாக்டர் முறையில எடுத்துச் சொல்லு, நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. லிவருக்குப் போற ரத்தக்குழாயில அழுத்தம் ஏறி, மண்ணீரல் வீங்கி, லிவரு மட்டும் பெருசாகாம கிடக்கிற வயிறு இது. மாத்திரையும் எண்டோஸ்கோப்பும் நாள் தவறாம நடந்தா வருஷக்கணக்குல ஆளு நடமாடிக்கினு இருக்கலாம். கைய வெச்சா மண்ணீரல் தெரியும், லிவரு தெரியாது. பரீட்சை நடத்தறவங்களுக்கு இந்த மாதிரி ஒரு வயிறு கிடைச்சா மயிலம் தேரு பாத்த சந்தோஷம்.

அதனால பரீட்சை வந்தா போன் வரும். எந்த ஆஸ்பத்திரின்னு சொல்ல மாட்டேன். சொன்னா அடுத்த வருஷம் கூப்பிட மாட்டாங்க. காலையில ஒரு பி.ஜி. தம்பி வந்து கட்டில் காட்டுவாரு, இட்லி வரும், காபி வரும், போக வர செலவுக்குன்னு ஏதோ கையில குடுப்பாங்க. சில பசங்க நைசா பக்கத்துல வந்து, தாத்தா உங்களுக்கு இன்னா வியாதின்னு காதுல கேப்பானுங்க. நான் வாயைத் தொறக்கிற ஆளு இல்ல. எளநீ வாங்கிக் குடுத்தா மட்டும் கை தானா இடது விலாப்பக்கம் போவும், அது வயசான பழக்கம், அதுக்கு நான் பொறுப்பு இல்ல.

இப்ப கேளு. ஒரு வருஷம் ஒரு பையன் என் வயித்தாண்ட வந்து நின்னான். கட்டிலுக்கு அந்தப்பக்கம் ரெண்டு பேரு. ஒருத்தரு அந்தக் காலேஜு சாரு, இன்டர்னல். இன்னொருத்தரு வெளியூர்லருந்து வந்தவரு, எக்ஸ்டர்னல். பையன் வலது அடிவயித்துல கைய வெச்சு ஆரம்பிச்சான். வெளியூரு சாரு, அங்கருந்து ஏம்பா நடந்து வர, தொப்புளாண்ட ஆரம்பி, நேரமில்லன்னாரு. கையைத் தூக்கித் தொப்புளாண்ட வெச்சான். உள்ளூரு சாரு, நான் இன்னா சொல்லிக் குடுத்தேன், எங்கருந்து ஆரம்பிக்கச் சொன்னேன்னாரு. கை மறுபடியும் கீழ எறங்குச்சு. வெளியூரு சாரு தொண்டையைச் செருமினாரு. கை நடுவுல, தொப்புளுக்குக் கீழயே நின்னுடுச்சு. அந்த எடத்துல அமுக்குனா வெளியில வர்றது வியாதி இல்ல கண்ணு, ஒண்ணுக்குதான். நான் பல்லைக் கடிச்சுக்கினு படுத்திருந்தேன்.

அதோட வுட்டாங்களா? மண்ணீரல் எவ்ளோ எறங்கியிருக்குன்னு கேட்டாங்க. நாலு விரல்கடைன்னான். யாரு விரல், உன் விரலா என் விரலான்னாரு வெளியூரு. அவசரமா டேப் எடுத்து அளந்து சென்டிமீட்டர்ல சொன்னான். உள்ளூரு சாரு, கட்டிலாண்ட டேப் வெச்சுக்கினு இன்னா தையக்கடையான்னாரு. பையனுக்கு வேர்வை என் வயித்து மேல சொட்டுச்சு. கடைசியில, லிவரு தொட்டுப் பாத்தியா, எவ்ளோன்னாங்க. ரெண்டு பேரையும் சமாதானப்படுத்தணும்னு நெனச்சானோ இன்னாவோ, மூணு சென்டிமீட்டர் சார்னுட்டான். எனக்குத்தான் லிவரே எட்டாதே! சிரிப்பை அடக்க முடியாம வயிறு குலுங்கிடுச்சு. ரெண்டு சாரும் முதல் தடவையா ஒருத்தரை ஒருத்தரு பாத்துக்கினாங்க. அந்த ஒரு விஷயத்துல அவங்களுக்குள்ள கருத்து வேத்துமையே இல்ல.

பையன் தோத்தது எங்கருந்து ஆரம்பிச்சான்றதுல இல்ல. இல்லாத லிவருல தோத்தான். இதை நல்லா காதுல போட்டுக்கோ. தொடாததைத் தொட்டேன்னும், கேக்காததைக் கேட்டேன்னும் சொல்றவனைக் காப்பாத்த எந்த எக்ஸாமினராலயும் முடியாது, அவரு எவ்ளோ நல்லவரா இருந்தாலும்.

அவனுக்கு அப்பால ஒரு பொண்ணு வந்தா. அதே ரெண்டு பேரு, அதே வயிறு, அதே சண்டை. வெளியூரு சாரு, தொப்புளாண்ட ஆரம்பிம்மான்னாரு. அவ வலது அடிவயித்துல வெச்ச கையை எடுக்கல. "சார், மண்ணீரல் பெருசாகறப்ப இடது விலாவுக்குக் கீழருந்து கோணலா வலது அடிவயித்தைப் பாத்து எறங்கும். நடுவுல ஆரம்பிச்சா ரொம்பப் பெருசா இருக்கறவங்களுக்கு ஓரம் தவறிடும்னு இங்கருந்து வரேன். நீங்க சொல்ற மாதிரியும் செஞ்சு காட்டட்டுங்களா?" அப்படின்னா. குரல்ல எகத்தாளமும் இல்ல, நடுக்கமும் இல்ல. அவரு கையை வீசி, மேல போம்மான்னுட்டாரு. இது மண்ணீரல்தான், கிட்னி இல்லன்னு எப்படிச் சொல்றன்னாரு. மூச்சு இழுத்தா கோணலா எறங்குது, விலாவுக்கும் அதுக்கும் நடுவுல விரல் நுழையல, ஓரத்துல ஒரு வெட்டு தெரியுது, தட்டினா மந்தமா கேக்குதுன்னு வரிசையா சொன்னா. எனக்கே எழுந்து கை தட்டணும்னு இருந்துச்சு. கேஸு எழுந்து உக்காரக் கூடாது, அது சட்டம்.

ரெண்டு பெரியவங்க அடிச்சுக்கினா நடுவுல இருக்கறவன் கதை இன்னா ஆவும்னு நம்ம ஊருக்குத் தெரியாதா? தலைக்கு மேல செஞ்சிக் கோட்டையை வெச்சுக்கினு நீ போன்ல அழுவுற. 1690-ல ஔரங்கசீப்போட படை செஞ்சிக்கு வந்துச்சு. உள்ள இருந்தவன் சிவாஜி மவன் ராஜாராம். வெளியில சுல்பிகார் கான், அவங்கப்பன் ஆசாத் கான், அப்புறம் பாதுஷா மவன் காம் பக்ஷ். மூணு பேருக்கும் ஒத்து வரல. ஒருத்தன் தாக்குன்னா ஒருத்தன் பொறுன்னான். கடைசியில பாதுஷா மவனையே அவங்க ஆளுங்க கைது பண்ணிக் கூடாரத்துல வெச்சாங்க. கோட்டை விழ 1698 ஆயிடுச்சு. அதுக்குள்ள ராஜாராம் நழுவி மகாராஷ்டிரத்துக்குப் போயிட்டான். வெளியில அவங்க சண்டை போட்டுக்கினு இருந்தப்ப அவன் இன்னா செஞ்சான்? இந்தப்பக்கம் நியாயமா அந்தப்பக்கம் நியாயமான்னு மதில் மேல ஏறித் தீர்ப்பு சொல்லல. தன் வேலையைப் பாத்தான். உனக்கும் எக்ஸாமினருங்க சண்டையைத் தீக்கற வேலை இல்ல. அதுக்கு மார்க்கும் இல்ல.

அவங்க ஏன் சண்டை போடறாங்கன்னா, அதுக்கும் ஒரு வம்சாவளி இருக்குது. ஒரு தடவை ட்ரிப்பு ஏறிக்கினு இருந்தப்ப ஒரு சின்ன டாக்டரம்மா எனக்கு விளக்கினாங்க. இங்கிலீஷ்காரன் வழியில வந்த புஸ்தகம் ஒண்ணு, ஹட்சிசன் 1897-ல போட்டது, இன்னிக்கும் நம்ம பசங்க கையில இருக்குது. அந்த வழியில பாத்து, தொட்டு, தட்டி, கடைசியில கேக்கணும். அமெரிக்காக்காரம்மா பார்பரா பேட்ஸ் 1974-ல போட்ட புஸ்தகத்து வழியில, வயித்துக்கு மட்டும் பாத்ததும் கேட்டுடணும். முன்னாலயே அமுக்கிட்டா குடல் சத்தம் மாறிடுமாம். உங்க சாரு பேட்ஸ் புஸ்தகம், உங்க மேடம் ஹட்சிசன் புஸ்தகம். அவ்ளோதான் சங்கதி. ரெண்டு பேரும் உன்னைத் திட்டல. அவங்கவங்க வாத்தியாருக்காக வாதாடறாங்க. செத்துப் போன வாத்தியாருங்க, வாதாடாம வுட முடியுமா?

இந்த தட்டிப் பாக்கற வித்தையே எவ்ளோ அவமானப்பட்டு வந்துச்சு தெரியுமா? ஆஸ்திரியாவுல ஔவன்புருக்கர்னு ஒரு டாக்டரு. அவங்கப்பா சத்திரம் வெச்சிருந்தவரு. பீப்பாயில சாராயம் எவ்ளோ இருக்குதுன்னு தட்டித்தான் பாப்பாங்களாம், அதைப் பாத்துதான் மவனுக்கு நெஞ்சைத் தட்டற யோசனை வந்துச்சுன்னு சொல்லுவாங்க. 1761-ல புஸ்தகம் போட்டாரு. அதே 1761-லதான் ஃபிரெஞ்சுக்காரன் கையிலருந்த நம்ம செஞ்சிக் கோட்டையை இங்கிலீஷ்காரன் புடிச்சான். கோட்டை சீக்கிரம் கை மாறிடுச்சு, டாக்டருங்க மனசுதான் மாறல. பெரிய பெரிய பேராசிரியருங்க அந்தப் புஸ்தகத்தைச் சட்டை பண்ணவே இல்ல. 1808-ல நெப்போலியனோட டாக்டரு கோர்விசார் அதை ஃபிரெஞ்சுல எழுதி வெச்ச அப்பாலதான் ஊரு ஒத்துக்கினுச்சு. இன்னிக்கு நெஞ்சைத் தட்டாம வந்தா உன்னை ஃபெயில் பண்ணுவாங்க. அன்னிக்கு தட்டியிருந்தா ஃபெயில் பண்ணியிருப்பாங்க. எக்ஸாமினரு வாக்கைத் தெய்வ வாக்குன்னு எடுத்துக்கறவங்க இதை யோசிக்கணும்.

சரி, அப்ப மார்க்கு இவங்க மூடுக்குத் தக்கபடிதானான்னு கேப்ப. உன்னைத் தெரியாதா எனக்கு, நீ ஒண்ணாங் கிளாசுலயே சிலேட்டுல மார்க்குக் கூட்டிப் பாத்து டீச்சரைக் கேள்வி கேட்டவ. இதையும் அந்த டாக்டரம்மாதான் சொன்னாங்க. சீமையில எம்.ஆர்.சி.பி.ன்னு ஒரு பரீட்சை. அதுல பேசஸ்னு ஒரு பிராக்டிகல். ஒவ்வொரு எடத்துலயும் ரெண்டு எக்ஸாமினரு நிப்பாங்க, ஒருத்தரைப் பாக்காம ஒருத்தரு தனித்தனியா மார்க்குப் போடுவாங்க. அந்த மார்க்கையெல்லாம் கூட்டிக் கழிச்சு மெக்மேனஸ்ன்றவரும் அவரு கூட்டாளிங்களும் 2006-ல ஒரு ஆராய்ச்சி போட்டாங்க. கறாரா போடறவங்களுக்குப் பருந்துன்னு பேரு, தாராளமா போடறவங்களுக்குப் புறான்னு பேரு. மார்க்கு ஏறி எறங்கறதுல, குருட்டு யோகத்தைத் தள்ளிட்டுப் பாத்தா, 100 பங்குல 87 பங்கு எழுதறவங்களோட சொந்தச் சரக்கு. 12 பங்குதான் பருந்து, புறா சமாச்சாரம். மிச்சம் 1, எந்த எடம் எவ்ளோ கஷ்டம்ன்றது.

நீ அழுதது அந்த 12-க்கு. 87 உன் கையில கிடக்குது. அதை வுட்டுட்டு 12-ஐப் புடிச்சுக்கினு ராத்திரி பதினோரு மணிக்கு ஆயாவை எழுப்புற. ஆனா ஒண்ணு, 12 சும்மா இல்ல. பார்டர்ல நிக்கிறவனுக்கு அதுவே தலையெழுத்து. அதுல எனக்கும் கோவம் உண்டு, அதுக்குக் கடைசியில வரேன்.

போன தை மாசம் மல்லாட்டை மூட்டையைச் செஞ்சி மார்க்கெட் கமிட்டிக்கு ஏத்திக்கினு போனேனே, கூட வந்தியே நீ. குவியல்ல ஒரு வியாபாரி கைய விட்டான். காயைக் காதாண்ட வெச்சு ஆட்டிப் பாத்து, சத்தம் வருது, நல்லா காஞ்சிருக்குன்னான். இன்னொருத்தன் ஒடைச்சுப் பருப்பை வாயில போட்டு, ஈரம் நிக்குது பெரியவரேன்னான். ஒரே குவியல்தான். நான் இன்னா செஞ்சேன்? முதல் ஆளு சொன்னாரேன்னு ரெண்டாவது ஆளுகிட்ட சண்டைக்குப் போனேனா? இல்ல ரெண்டாவது ஆளுக்குப் பயந்து மூட்டையைக் கொட்டி அங்கயே காய வெச்சேனா? பீடி பத்த வெச்சுக்கினு நின்னேன். காய வெக்க வேண்டியதை வூட்டு வாசல்லயே காய வெச்சாச்சு. எவன் எவ்ளோ எழுதிப் போட்டான்னு ஏலம் தொறக்கறப்பத் தெரியப் போவுது. அன்னிக்கு வெலை மோசமில்ல. நீதான் பரோட்டா வேணும்னு அதுல பாதியைக் காலி பண்ண.

இப்ப சூட்சுமம் சொல்றேன், பக்கத்துல யாரும் இல்லையே? உன்னைக் கேக்கறவரு யாரோ அந்த நிமிஷத்துக்கு அவருதான் உனக்கு எக்ஸாமினரு. அவரு மூஞ்சைப் பாத்துப் பதில் சொல்லு. மத்தவரு தொண்டையைச் செருமட்டும், தலையை ஆட்டட்டும், செல்போனைப் பாக்கட்டும். அவரு முறை வரப்ப அவரைப் பாத்துக்கலாம். ஒருத்தருக்குச் சொல்லிக்கினே இன்னொருத்தரை ஓரக்கண்ணால பாத்தீன்னா ரெண்டு பேருக்குமே சந்தேகம் வரும். எந்தக் காலத்துலயும், "அந்த சாரு இப்படிச் சொன்னாரே"ன்னு மட்டும் வாயைத் தொறந்துடாத. அங்க பேச்சு மண்ணீரலை வுட்டுட்டு ரெண்டு பேரு மானத்துக்குப் போயிடும். "இப்படிச் செய்யறதும் உண்டு, அப்படிச் செய்யறதும் உண்டு, நான் இந்தக் காரணத்துக்காக இப்படிச் செய்யறேன்" அப்படின்னு சொல்லு. காரணத்தோட வரவங்களை வாத்தியாருங்க அவ்ளோ சுலபத்துல வெரட்ட மாட்டாங்க. காரணம் இல்லாத மனப்பாடத்தைத்தான் தொரத்தித் தொரத்திக் கடிப்பாங்க.

அப்புறம் அந்த "ஆர் யூ ஷ்யூர்?" இருக்குதே. நான் படுத்துக்கினே கேட்டு வெச்ச ரகசியம் இது. சரியா சொன்னவனையும் அப்படித்தான் கேப்பாங்க, தப்பா சொன்னவனையும் அப்படித்தான் கேப்பாங்க. அது கேள்வியே இல்ல, ஒரு பழக்கம். ஆனா நம்ம பசங்க அந்த வார்த்தை காதுல விழுந்ததும் அவசர அவசரமா பதிலை மாத்துவானுங்க. சரியா சொன்ன பதிலை மாத்தினவன் மூஞ்சியில வர்ற ஒரு ஏமாளிச் சிரிப்பு இருக்குதே, அதைப் பாக்கறதுக்குன்னே சில சாருங்க கேக்கறாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நீ கையால பாத்திருந்தா, பாத்தேன் சார்னு நில்லு. பாக்கலன்னா, இன்னொரு தரம் பாத்துட்டுச் சொல்லட்டுங்களா சார்னு கேளு. தெரியலன்னா தெரியலன்னு சொல்லு. மூணும் மரியாதையான பதில். நாலாவதா ஒண்ணைக் கண்டுபிடிக்காத.

சண்டையே இல்லாத எடம் ஒண்ணு இருக்குது, அதை ஒருத்தரும் உனக்குச் சொல்லியிருக்க மாட்டாங்க. இத்தினி வருஷமா நான் பாத்த எல்லா எக்ஸாமினரும், பருந்து, புறா, கோட்டான் எல்லாம், சில விஷயத்துல மட்டும் ஒரே கட்சி. கட்டிலுக்கு வலதுபக்கம் நிக்கணும். வணக்கம் வெச்சு, தொட்டுப் பாக்கட்டுங்களான்னு கேக்கணும். தடுப்பு இழுத்து வுடணும். கையை உரசிச் சூடு பண்ணிக்கினு வெக்கணும். எங்க வலிக்குதுன்னு முதல்ல கேட்டு அந்த எடத்தைக் கடைசியில தொடணும். அமுக்கறப்ப கண்ணு வயித்துல இல்ல, என் மூஞ்சியில இருக்கணும். முடிஞ்சதும் சட்டையை எறக்கி வுட்டு நன்றி சொல்லணும். இதுக்கு எதிர்க்கட்சியே கிடையாது. ஆனா பத்துப் பசங்கள்ல பாதிப்பேரு இதைத்தான் மறக்கறானுங்க. தொப்புளா அடிவயிறான்னு யோசிச்சுக்கினே வர்றவனுக்கு மனுசன் ஒருத்தன் கட்டில்ல கிடக்கறது எங்க தெரியப் போவுது? ஒரு பொண்ணு ஐஸ்கட்டி மாதிரி கைய வெச்சா, நான் "ஆத்தா"ன்னு கத்திட்டேன். வயிறு கல்லா இறுகிடுச்சு. அப்பால அவ எந்தப் புஸ்தகத்துப்படி அமுக்கி இன்னா புண்ணியம், மண்ணீரல் அவளுக்குக் கிடைக்கவே இல்ல.

ஆஸ்கின்னு ஒண்ணு வெக்கிறாங்களே, அதுல உனக்கு இந்தத் தலைவலி கொறைவு. ரொனால்ட் ஹார்டன்னு ஒரு புண்ணியவான், ஸ்காட்லாந்துல டண்டீ ஊருல, 1975-ல கொண்டாந்தது. மேசை மேசையா கேள்வி, எல்லாருக்கும் ஒரே கேள்வி, எக்ஸாமினரு கையில ஒரு பட்டியல், செஞ்சா டிக்கு, செய்யலன்னா இல்ல. மணி அடிச்சா நகரணும். எக்ஸாமினருங்களுக்கு வாயில பூட்டுப் போட முடியாதுன்னு கையில பட்டியலைக் குடுத்தான் பாரு, அவன் கெட்டிக்காரன். ஆனா அதுல எனக்கு வேலை கம்மி. அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு பையன் வந்து வணக்கம் தாத்தா, நன்றி தாத்தான்னுட்டு ஓடிடறான். பேச்சுத் துணைக்கு, ஒரே ஆளாண்ட ரொம்ப நேரம் நிக்கிற லாங் கேஸுதான் லாயக்கு.

சீனியருங்க ஒரு ஜாதகம் குடுப்பாங்களே, இந்த ஊரு எக்ஸ்டர்னல் இதைக் கேப்பாரு, அந்த ஊரு எக்ஸ்டர்னலுக்கு இது புடிக்காதுன்னு, அதைக் கேட்டுச் சிரிச்சுட்டு மடிச்சு வெச்சுடு. ஜாதகத்தை நம்பினவன் கதையும் நான் பாத்தேன். இந்த சாருக்கு ஹட்சிசன்தான் புடிக்கும்னு ராத்திரியெல்லாம் உருப்போட்டுக்கினு வந்தான். காலையில பாத்தா சாரு மாறிட்டாரு. உங்க யூனிட்டுல எந்த வரிசையில சொல்லிக் குடுத்தாங்களோ அதையே கை பழக்கிக்கோ. சந்தேகம்னா பரீட்சைக்கு ஒரு வாரம் முன்னால உங்க இன்டர்னல் சாரையே நேரா போய்க் கேளு, "சார், வயித்துக்கு எந்த வரிசை செய்யட்டும், ஏன்?"னு. அந்த ஏன்-ஐ மட்டும் வுட்டுட்டு வந்துடாத. பரீட்சை முடிஞ்ச அப்பால ஹாஸ்டல்ல உக்காந்து, உன்னை இன்னா கேட்டாங்க என்னை இன்னா கேட்டாங்கன்னு கூட்டம் போடாத. அன்னிக்கு நல்லா தூங்கு. மறுநாள் வேற கட்டில்.

நம்ம கோட்டைக்கு நடந்ததையே பாரேன். 2024-ல வெளிநாட்டுலருந்து நிபுணரு வந்து மலை ஏறிப் பாத்துட்டுப் போனாரு. 2025 ஜூலையில பாரிஸ்ல யுனெஸ்கோ கூட்டம். மராட்டியக் கோட்டைங்க 12-ஐச் சேத்து வெச்சாங்க, அதுல தமிழ்நாட்டுக்கு நம்ம செஞ்சி ஒண்ணுதான். 20 நாட்டுல 18 நாடு ஆதரவா பேசுச்சாம். நம்ம கோட்டை இருக்கற ராஜகிரி மலைக்கே இருபதுக்கு இருபது கிடைக்கல. ஆனா பட்டியல்ல ஏறிடுச்சு. நீ வல்லத்துலருந்து அரசுப் பள்ளிக்கூடத்துல படிச்சு, 2020-ல வந்த அந்த 7.5 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்துல சீட்டு வாங்கினவ. எல்லாரும் ஒண்ணா தலையாட்டினாதான் ஜெயிச்சேன்னு நெனைக்கிற குணம் உனக்கு எங்கருந்து வந்துச்சோ, எங்க வம்சத்துல கிடையாது. உங்க ஆயா பக்கம்தான்.

இனிமே சொல்றது உனக்கு இல்ல. உங்க சாருங்க காதுல விழற மாதிரி, நீ பாஸ் பண்ணின அப்பால, சத்தமா படி. பழைய மெடிக்கல் கவுன்சில் 1997-ல போட்ட விதியிலயே இருந்துச்சு. நூறு பசங்களுக்குக் கொறைஞ்சது நாலு எக்ஸாமினரு, அதுல பாதி வெளியாளுங்க. அந்த நாலு பேருல உள்ளூர்ல மூத்தவரு தலைவரா இருந்து, எல்லாரையும் ஒரே மாதிரி மதிப்பிடறாங்களான்னு பாத்துக்கணும். விதி எழுதினவனுக்கே தெரிஞ்சிருக்குது, நாலு பேரு சேந்தா நாலு வழி சொல்லுவாங்கன்னு. ஐயா சாருங்களே, மேடங்களே, முதல் பையன் உள்ள வர்றதுக்கு முன்னால டீ குடிக்கிற ரூம்புலயே உக்காந்து பேசி முடிச்சுடுங்க. தொப்புளா அடிவயிறா, விரல்கடையா டேப்பா, எதுவா இருந்தாலும் ரெண்டுக்கும் மார்க்குன்னு ஒரு பேப்பருல எழுதி வெச்சுக்குங்க. முடியலன்னா சண்டையை அங்கயே வெச்சுக்குங்க, என் வயித்து மேல வாணாம். ஒண்ணுக்கு அடக்கிக்கினு படுத்துக்கிடக்க முன்ன மாதிரி முடியல. அப்படியே, கேஸுங்களுக்குக் குடுக்கிற படியையும் கொஞ்சம் ஏத்திக் குடுங்க; செஞ்சியிலருந்து பஸ்ஸு இட்லிக்கு ஓடறது இல்ல.